உள்தாழ்ப்பாள் இல்லாத அறைகள்

“மறுபடியும் நாலாவது இயலா மேடம்?”

நெறியாளர் சுகிர்தா தாள்கட்டை மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார்.

“என்ன தப்புன்னு சொன்னா திருத்திருவேன்.”

“தப்புன்னு நான் சொல்லலையே சார்.”

“அப்போ கையெழுத்து?”

“அதுவும் போடலையே.”

கோமதிநாயகம் தாள்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு கல்லூரி விடுதியின் வார்டன். பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர். நெறியாளரைவிட வயதில் மூத்தவர். விடுதியில் தங்கும் மாணவர்கள் அதைத் தங்கள் இடமாக உணர்கிறார்களா என்பது அவருடைய ஆய்வு. பதிவுக் காலத்தை ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது. அதுவும் இந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேடு போய்ச் சேரவில்லையென்றால் பதிவு ரத்து.

சுகிர்தா ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்தார்.

“‘உணவுக்கூடத்தில் மாணவர்கள் அமைதியாக உண்கிறார்கள். அறைகளில் அமைதியாகப் படிக்கிறார்கள். குறை ஏதும் உண்டா என்று கேட்டபோது அனைவரும் இல்லை என்றனர்.’ உங்க விடுதியில சத்தமே கிடையாதா?”

“கிடையாது மேடம். நான் எப்ப போனாலும் அமைதிதான்.”

“அவங்களுக்கு என்ன வயசு?”

“பதினெட்டு, பத்தொன்பது.”

சுகிர்தா சிரித்துவிட்டார். பிறகு கையை நீட்டினார்.

“அதைக் கொடுங்க.”

“எதை?”

அவர் கண் கோமதிநாயகத்தின் இடுப்பில் இருந்தது. பெரிய வளையத்தில் சாவிக்கொத்து. மெஸ் ஸ்டோர், மோட்டார் அறை, மொட்டைமாடி, பின்வாசல். அவர் நடந்தால் அதன் சத்தம் முதலில் போகும்.

“சாவி எதுக்கு மேடம்?”

“திங்கட்கிழமை வந்து வாங்கிக்கங்க.”

“மோட்டார் போடணுமே.”

“உதவி வார்டன்கிட்ட இன்னொரு செட் இருக்குமில்ல?”

சாவிக்கொத்து மேசை இழுப்பறைக்குள் போனது.

பேருந்தில் அவர் இரண்டு மூன்று முறை இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அன்று மாலை, படிப்பு நேரம் தொடங்கிய பிறகு, முதலாண்டு மாணவர்களின் மாடிக்கு ஏறினார்.

வேறு ஏதோ கட்டடத்துக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது.

யாரோ பாடினான். யாரோ வாளியைக் கவிழ்த்துத் தட்டினான். கடைசி அறைக்குள் எவர்சில்வர் டம்ளரில் கரண்டியைப் போட்டு ஒருவன் குலுக்கினான். சலங், சலங், சலங். கோமதிநாயகத்தின் கை தானாக இடுப்புக்குப் போனது.

“என்னல சத்தம்?” தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு குரல். அவருடைய குரல்தான், இன்னும் கொஞ்சம் அவராக. “குறை ஏதும் உண்டால?”

“ஒரு குறையும் இல்ல சார்!”

அறையே சிரித்தது.

கோமதிநாயகம் சுவரோரமாக நின்றார். சிரிப்பு அடங்கியதும் வேறொரு குரல் வந்தது. இசக்கிராஜ் என்கிற பையன்.

“சிரிங்கல, சிரிங்க. நான் திங்கக்கெழம கெளம்புதேன்.”

“எங்கல?”

“ஊருக்குத்தான். ஒண்ணும் மண்டையில ஏற மாட்டக்கு. இங்கிலீஷ்ல கேள்வி கேட்டா எந்திச்சு நிக்கேன். மணி அடிக்க வரைக்கும் நிக்கேன். அங்க போனா அண்ணன்கூட செங்கல் லோடாவது ஏத்தலாம்.”

“வார்டன்ட்ட சொன்னியாலே?”

“அவர்ட்ட என்னத்தச் சொல்ல?”

டம்ளர் மறுபடியும் குலுங்கியது.

“ஒரு குறையும் இல்ல சார்,” என்றான் ஒருவன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அதே இசக்கிராஜ் போன மாதம் வார்டன் அறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “நல்லா இருக்கேன் சார்” என்றான். கோமதிநாயகம் அதை எழுதியும் வைத்திருந்தார்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவர் படியிறங்கினார்.

திங்கட்கிழமை. நெறியாளரின் அறை திறந்துதான் இருந்தது. கோமதிநாயகம் வழக்கம்போல் இரண்டு விரலால் கதவைத் தட்டிவிட்டு நின்றார்.

“வாங்க சார்.”

“கிடைச்சிருச்சு மேடம்!”

புதிய பக்கங்களை நீட்டினார். சுகிர்தா வாசித்தார். டம்ளர் வந்த இடத்தில் சிரித்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

“இந்தப் பையன் இதை உங்ககிட்ட சொன்னானா?”

“சொல்லல. நான் கேட்டேன்.”

“எங்க இருந்து?”

“வெளிய நின்னு.”

“கதவு சாத்தியிருந்ததா?”

“சாத்தித்தான் இருந்தது. ஆனா முதலாண்டு அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது மேடம். ராகிங் புகார் வந்தப்போ நானே ஆசாரியை வச்சு எல்லாத்தையும் எடுத்துட்டேன். தள்ளினா திறந்துக்கும்.”

“தள்ளலையா?”

“தள்ளினா பேச்சு நின்னுருமே.”

சுகிர்தா பக்கங்களை அடுக்கி வைத்தார்.

“பையன் இப்ப எங்க?”

“ரூம்லதான். சாயங்காலம் கிளம்புறானாம். பெட்டி கட்டிட்டிருக்கான்னு சொன்னாங்க.”

“நீங்க அவன்கிட்ட என்ன சொன்னீங்க?”

“நான் என்னத்தைச் சொல்றது மேடம்? ஒளிஞ்சு நின்னு கேட்டேன்னு சொல்ல முடியுமா?”

சொல்லிவிட்டுக் கோமதிநாயகம் மேசை இழுப்பறையைப் பார்த்தார்.



“சாவியை வாங்கி வச்சது நீங்கதானே மேடம்,” என்றார் பிறகு.

“சாவியை மட்டுந்தான் வாங்கினேன் சார்.”

“எனக்கு விளங்கல. சாவியோட போனா அவன் பேச மாட்டேங்கறான். சாவியில்லாம போனா நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறீங்க. நான் எப்படித்தான் போறது?”

சுகிர்தா இழுப்பறையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“கொஞ்சம் வெளிய நில்லுங்க சார்.”

“கோபமா மேடம்?”

“நில்லுங்க.”

அவர் வெளியே போனார். பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

நடைவழியில் இன்னொரு ஆய்வாளர் வந்தார்.

“மேடம் இல்லையா சார்?”

“இருக்காங்க.”

“உள்ள யாரும் இருக்காங்களா?”

“யாரும் இல்ல.”

“பின்ன ஏன் வெளிய நிக்கீங்க?”

“தெரியல.”

அந்த ஆள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கோமதிநாயகம் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கதவைத் தட்டினார்.

“யாரு?”

“கோமதிநாயகம்.”

“என்ன வேணும்?”

“உள்ள வரலாமா மேடம்?”

“கொஞ்சம் இருங்க.”

இருந்தார். உள்ளே நாற்காலி நகர்ந்தது. தாழ்ப்பாள் விலகியது.

“அவ்வளவுதான் சார். நீங்க கிளம்பலாம்.”

“அவ்வளவுதான்னா? எனக்கு ஒண்ணுமே புரியல.”

“சரி.”

“நாலாவது இயல்?”

சுகிர்தா பேனாவின் மூடியைக் கழற்றினார். முதல் பக்கத்தில், கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் பேனாவை வைத்தார்.

“நீங்க சொன்னா போட்டுர்றேன். போடட்டுமா?”

கோமதிநாயகம் பேனாவைப் பார்த்தார். மாத முடிவுக்கு அதிக நாள் இல்லை. அது இருவருக்கும் தெரியும்.

பேனாவை எடுத்து மூடினார். பழைய பக்கங்களையும் புதிய பக்கங்களையும் சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு மேடம்,” என்றார்.

விடுதிப் படியில் ஏறும்போது சாவிக்கொத்து இடுப்பில் சத்தம் போட்டது. மேலே வாளித்தாளம் நின்றது. பாட்டு நின்றது. நடைவழி முழுக்க அமைதி.

கடைசி அறை. கதவு லேசாகச் சாத்தியிருந்தது. இடுக்கில் ஒரு பெட்டியின் ஓரம் தெரிந்தது, அதைச் சுற்றிய கயிறும்.

கோமதிநாயகம் எப்போதும்போல் தள்ளக் கதவின்மேல் கை வைத்தார். எடுத்துக்கொண்டார்.

இரண்டு விரலால் தட்டினார்.

உள்ளே யாரோ ரகசியக் குரலில் பதறினான்.

“எவம்ல அது? சார் வாராருல. சீக்கிரம் உள்ள வாலே!”

“நான்தான்,” என்றார் கோமதிநாயகம்.

டம்ளர் ஒன்று தரையில் உருண்டு ஓய்ந்தது.

“திறந்துதான் சார் இருக்கு,” என்றது இசக்கிராஜின் குரல்.

கோமதிநாயகம் தாள்கட்டை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, கதவைத் தள்ளாமல் இன்னொரு முறை தட்டினார்.