பனிமலை தாண்டிய வாத்தும் சுண்டெலியும்

ஏரிக்கு நடுவே, தண்ணீருக்குள் நின்ற ஒரு கருவேல மரப் பொந்தில் சுண்டெலி ஒன்று மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. தினமும் அது மடையான் கொக்கின் முதுகில் ஏறிக் கரைக்குப் போகும். வயலில் நெல் தின்றுவிட்டுத் திரும்பி வந்து குட்டிகளுக்குப் பால் கொடுக்கும். கூலியாக மடையானின் இறகில் பேன் பொறுக்கிவிடும்.

மடையானுக்கு வயசாகிவிட்டது. கழுத்தை மடக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, தண்ணீரை உரசுகிற மாதிரித்தான் பறக்கும்.

மார்கழியில் பனிமலைக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்து ஒன்று வந்து இறங்கியது. கரையில் நின்ற சுண்டெலியை, ஒரு தரம் என் முதுகில் வந்து பாரேன் என்று கூப்பிட்டது.

சுண்டெலி ஏறியது. அடேயப்பா, அதை என்னவென்று சொல்ல! ஏரி ஒரு தாம்பாளம் ஆனது. பிறகு ஒரு சொட்டு ஆனது. மேகம் காலுக்குக் கீழே போனது. கிழக்கே ஒரு நீலக் கோடு தெரிந்தது. அதுதான் கடல் என்றது வாத்து. சுண்டெலிக்குப் பயப்படக்கூட மறந்துபோனது. இத்தனை பெரிய உலகத்தில் நானும் ஒரு உயிரா என்று கண் கலங்கியது.

இறங்கியதும் நேரே மடையானிடம் போய், இனிமேல் வாத்தோடுதான் போக்குவரத்து என்று சொல்லிவிட்டது.

"நல்லா இரு தாயி," என்றது மடையான். "உன் பொந்து வாசல்ல அது எப்படிக் காலூன்றும்னு கேட்டியா?"

"பனிமலையையே தாண்டினவருக்கு என் வீட்டுக் கிளை ஒரு பெரிய விஷயமா அண்ணே?"

சாயங்காலம் வாத்து அதைச் சுமந்துகொண்டு மரத்துக்கு வந்தது. கிளையில் கால் வைத்தது. வழுக்கியது. விரலுக்கு நடுவே தோல் ஒட்டிய துடுப்புக் கால், எதைப் பிடிக்கும்? திரும்பத் திரும்பச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பொந்துக்குள் மூன்று சிறிய வாய்கள் பசியில் திறந்திருப்பது சுண்டெலிக்குத் தெரிந்தது. அந்த வேகத்தில் குதிக்கவும் முடியவில்லை. அடிமரத்தைச் சுற்றி முள் மண்டிக் கிடந்ததால், நீந்தி வந்து ஒட்டவும் வழியில்லை.

"மலை தாண்டத் தெரியும் அம்மா. கிளையில நிக்க எனக்குக் கால் இல்லை," என்று வெட்கத்தோடு சொல்லி, வாத்து அதைக் கரையிலேயே விட்டது.

மடையான் அங்கேயே நின்றிருந்தது. சுண்டெலி தலையைத் தொங்கப்போட்டது.

"ஏறு. புள்ளைங்க கத்துதுங்க."

மடையான் மெல்லப் பறந்து போய், நீண்ட விரல்களால் கிளையை இறுக்கிப் பிடித்து, அசையாமல் நின்றது. இத்தனை நாள் பார்க்காத அந்த விரல்களைச் சுண்டெலி வியந்து பார்த்துவிட்டுப் பொந்துக்குள் ஓடியது.

ஒரு ஊர்தி எவ்வளவு உயரம் போகும் என்று மலைப்பதற்கு முன்னால், நாம் இறங்க வேண்டிய இடத்தில் அது இறங்குமா என்று பார்க்க வேண்டும்.