வேண்டாம் என்ற பதில்

கடற்கரை ஊர் ஒன்றில் மீனவர் சங்கத்தின் வயர்லெஸ் அறையைப் பார்த்துக்கொண்டவர் இராயப்பன். கடலுக்குப் போன படகுகள் அங்கிருந்த பழைய கணினியின் வரைபடத்தில் புள்ளிகளாகத் தெரியும். ஆனால் அது ஆமை வேகத்தில் ஓடியது. அந்தக் கணினிக்கென்றே கணினியை இயக்கும் மைய நிரலான லினக்ஸ் கெர்னல் ஒன்றை, தேவையானதை மட்டும் வைத்துத் தன் கையால் உருவாக்க ஆசைப்பட்டார். கற்றுக்கொடுக்கக் கணினி படித்த ரஹ்மத் வந்தாள். அவர் மகள் வயதுதான். ஆனாலும் டீச்சர் என்றே கூப்பிட்டார்.

"எதை வைக்கணும், எதை எடுக்கணும்னு எப்படித் தெரியும் டீச்சர்?"

"அதுவே கேட்கும். பதில் சொல்லுங்க."

கெர்னலின் மூலநிரலை இணையத்திலிருந்து இறக்கினார். இது வேண்டுமா, அது வேண்டுமா என்று கேள்விகள் வந்தபடியே இருந்தன. முதலில் நிதானித்துப் படித்தார். போகப்போக, பெயர் புரியாததற்கெல்லாம் வேண்டாம் என்றார். ரஹ்மத் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூலநிரலைக் கெர்னலாக மாற்றும் கம்பைல் வேலை முடிந்தது. புதிய கெர்னலில் கணினி சட்டென்று எழுந்து நின்றது. இராயப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பழைய கெர்னலை அழிச்சிரட்டுமா?"

"முதல்ல ரிசீவரை மாட்டுங்க."

படகுகளின் சிக்னலை வாங்கும் கருவி அது. மாட்டினார். வரைபடத்தில் வெறும் கடல்தான் இருந்தது. கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினார். அப்போதும் கடல்தான்.

வயர்லெஸ்ஸில் அவர் தம்பி சூசையின் குரல் கேட்டது.

"அண்ணே, இஞ்சின் நின்னுபோச்சு. காத்து வேற ஏறுது. பக்கத்துல யாரு இருக்கா?"

ரஹ்மத் கணினியை நிறுத்தி, பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தாள். அது தன் வழக்கப்படி மெல்ல எழுந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன.

"சூசை, உனக்குத் தெக்கால ஆரோக்கியம் படகு நிக்கி. அனுப்புதேன். நங்கூரத்தைப் போடு."

கயிறு கட்டி இழுக்கத் தொடங்கிவிட்டோம் என்று அந்தப் படகிலிருந்து பதில் வந்த பிறகுதான் அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"நான் எதை எடுத்துத் தொலைச்சேன் டீச்சர்?"

"ரிசீவர் கணினியோட பேச டிரைவர்னு ஒரு நிரல் இருந்துச்சு. வேண்டாம்னீங்க."

"தெரியாம சொல்லிட்டேன். நீங்களாவது தடுத்திருக்கலாம்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

இராயப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சட்டென்று எழுந்து விசைப்பலகையை இழுத்தார்.

"பாழாப்போன இந்தப் புதுசை இப்பவே அழிச்சிருதேன்."

"அது என்ன செஞ்சது அண்ணாச்சி?" என்றாள் ரஹ்மத். "நீங்க சொன்னதை அப்படியே கேட்டுச்சு."