ராஜா உட்கார்ந்த மணை

தாழைக்கோட்டையை ஆண்ட செங்கமலராயருக்கு எதிலும் அவசரம் கிடையாது. யுத்தத்துக்குப் போனாலும் நிதானம், சாப்பிட உட்கார்ந்தால் அதைவிட நிதானம். ராஜா கை கழுவும்வரை பந்தியில் யாரும் இலையை மடிக்கக் கூடாது என்பது அரண்மனை வழக்கம். அவர் ரசத்துக்கு வருவதற்குள் வெயில் தாழ்ந்துவிடும்.

அந்த வழக்கத்தில்தான் படைத்தலைவர் அழகுக்கோன் மாட்டிக்கொண்டார். மனிதர் ஆட்டுக்கிடையில் வளர்ந்தவர். வீட்டில் ஒரே கூழ்ப்பானை, அதைச் சுற்றி ஏழெட்டு உடன்பிறப்புகள். அசந்தால் அன்றைக்குப் பட்டினிதான். இன்று நெய்யும் பாயசமுமாய் விருந்து வைத்தாலும் இடது கையால் இலையைச் சுற்றி அணை கட்டிக்கொள்வார். ராஜா பருப்புச் சோற்றைப் பிசைவதற்குள் இவர் இலை மடிந்திருக்கும்.

மந்திரி பூவராகருக்கு மூன்று தலைமுறையாக அரண்மனைச் சோறு. படைத்தலைவர் பதவி தன் மைத்துனனுக்குக் கிடைக்கவில்லையே என்ற வயிற்றெரிச்சல் வேறு. சம்பந்தி விருந்து வருகிறது, அங்கேயும் இவர் இப்படி அள்ளிப் போட்டுக்கொண்டால் நம் மானம் என்ன ஆவது என்று ராஜாவின் காதில் ஓதினார். ராஜாவும் தலையாட்டிவிட்டார். அதற்கு முன் வரும் பௌர்ணமி விருந்திலேயே அழகுக்கோன் அரண்மனையில் பிறந்தவரைப் போலச் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் வாளைக் கொடுத்துவிட்டு ஊரைப் பார்த்துப் போக வேண்டும்.

அழகுக்கோன் சொக்கேசனிடம் ஓடினார். சொக்கேசன் சபையில் புலவர் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு வம்பு வளர்ப்பவர்.

"நானும் பழகிப் பாத்துட்டேன் ஐயா. சோத்தைக் கண்டா கை அதுபாட்டுக்கு ஓடுது" என்று கலங்கினார் படைத்தலைவர். எதிரியின் யானைக்குக் கலங்காத மனிதர்.

"கை ஓடட்டும். விருந்துக்கு நீங்கள் நீங்களாகவே வாருங்கள்" என்றார் சொக்கேசன்.

அந்த அரண்மனையில் பெரியவர்கள் இலைமுன் உட்காரும்போது பின்னால் நிற்கும் பணியாள் சரியான சமயத்தில் மணைப் பலகையை அடியில் தள்ளுவான். பௌர்ணமியன்று சொக்கேசன் ஏதோ சாக்குச் சொல்லிப் பணியாட்களை அனுப்பிவிட்டார். இலைகளில் பரிமாறியாயிற்று. மணைகள் மட்டும் சுவரோரம் சாத்திக் கிடந்தன. ராஜாவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று சொக்கேசன் ஒரு மணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ராஜாவின் இலைக்குப் பின்னால் நின்றார். வம்புக்காரருக்கும் தன் தலைமேல் ஆசை உண்டு.

ராஜா வந்தார். பட்டு வேட்டியைச் சற்றே தூக்கிப் பிடித்து, கீழே பார்க்காமலே உட்காரப் போனார். சொக்கேசன் அசைவதற்குள், தனக்கென்று மணை எடுத்து வந்த அழகுக்கோன் அதை ராஜாவுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தான் வெறுந்தரையில் உட்கார்ந்தார். ராஜாவுக்கு எதுவும் தெரியாது. அடுத்து பூவராகர். அதே தோரணையில் வேட்டியைத் தூக்கினார், அதேபோல் பார்க்காமல் உட்கார்ந்தார். தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

"என் மணை எங்கே?" இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து கத்தினார்.

"அதோ, சுவரோரம். பார்த்து உட்காரக் கூடாதா மந்திரியாரே?" என்றார் சொக்கேசன்.

"மணையைப் பார்த்தா உட்காருவார்கள்? அது எப்போதும் இருக்குமே!"

ராஜாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அரசே, தங்களுக்கு மணை போட்டதும் பணியாள் இல்லை, படைத்தலைவர்" என்றார் சொக்கேசன். ராஜாவின் சிரிப்பு நின்றது. அடியில் இருந்த மணையை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மணை எப்போதும் இருக்கும் என்று வளர்ந்தவர்கள் நீங்கள். சோறு இருக்குமோ இருக்காதோ என்று வளர்ந்தவர் இவர். மந்திரியார் பார்த்து உட்காரப் பழகட்டும். அன்றைக்கே இவரும் மெதுவாகச் சாப்பிடப் பழகிவிடுவார்" என்றார் சொக்கேசன்.

ராஜா மணையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "நியாயந்தான். வாள் அவரிடமே இருக்கட்டும். ஆனால் அழகுக்கோனே, இன்று ஒரு நாள் எனக்காக நிதானமாக..." என்று சொல்லிக்கொண்டே திரும்பினார்.

அழகுக்கோன் முன்னால் இரண்டு இலைகள் மடித்துக் கிடந்தன.

"மன்னிக்கணும் மகாராஜா. மந்திரி ஐயா எழுந்துட்டாரு, இலை சும்மா கிடந்துச்சு" என்றார் அவர்.

ராஜா சிரித்த சிரிப்பில் அன்றைக்கு அவர் ரசத்துக்கே வரவில்லை. பூவராகருக்கோ, பரம்பரையிலேயே முதல் முறையாக, பட்டினி.