எடை மேடையில் செங்கோடன்

கரட்டு மடத்தில் இரண்டு லாரிகள் இருந்தன. மலைக்கரட்டின் மேல் ஒரு சமையற்கட்டும் ஒரு வேப்பமரமும் மட்டுமே உள்ள மடத்துக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

பழைய லாரியைக் கொண்டுவந்தவர் செங்கோடன். வாலிப வயதிலிருந்து அதில் ஊர் ஊராகச் சரக்கு ஏற்றியவர். ஒரு நாள், போதும் என்று தோன்றிவிட்டது. வண்டிக்கு மாலை போட்டு நேராக மடத்து வாசலுக்கு ஓட்டிவந்தார். சாவியைத் தட்டில் வைத்துக் குருவான பாவாயம்மாவிடம் நீட்டினார். தன்னையும் சீடனாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

பாவாயம்மா அவரைவிட இருபது வயது சின்னவர். சாவியை எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அரிசி ஏற்றப் போக வேண்டியிருந்தது. செங்கோடன் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் அதைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சே எழவில்லை. மற்றவர்கள் மடத்து வண்டி என்றார்கள். செங்கோடன் மட்டும் கூச்சமே இல்லாமல் "எம்பட வண்டி" என்றார்.

புது லாரி போன தைப்பூசத்துக்கு ஒரு பக்தர் கொடுத்தது. அதை ஓட்டியவர் தீர்த்தகிரி என்ற இன்னொரு சீடர். ஒட்டடைக் கொம்பு மாதிரி ஆள், வாய் மட்டும் வஞ்சனை இல்லாமல் வளர்ந்திருந்தது.

இரண்டு சீடர்களும் தியானத்துக்கு உட்கார்ந்தால் ஆளுக்கொரு கண்ணைத் திறந்து அவரவர் வண்டியைப் பார்த்துக்கொள்வார்கள். எழுந்ததும் சண்டை. யார் வண்டி கனம் என்பதுதான் விஷயம்.

"இரும்புன்னா இது இரும்பு," என்று செங்கோடன் முன்பக்க மூடியைத் தட்டுவார். "கேட்டியா? கோயில் மணியாட்டம். உன்றதைத் தட்டுனா எண்ணெய் டின்னு சத்தம் வருது."

"அது வெறும் இரும்புதானே அண்ணே," என்பார் தீர்த்தகிரி. "என்னுதுல ஏசி இருக்குது. புகையை வடிகட்ட ஒரு பெட்டி, அதுக்கு ஊத்த ஒரு தண்ணித் தொட்டி. அத்தனையும் சேந்து என்னா கனம் தெரியுமா?"

பாவாயம்மா இதையெல்லாம் கேட்டபடி கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். ஒரு நாளும் குறுக்கே பேசியதில்லை.

அந்த மழைக்காலத்தில் மடத்துக்கு வரும் வழியிலிருந்த ஓடைப் பாலம் விரிசல் விட்டது. சரக்கோடு சேர்த்து இவ்வளவு எடைக்கு மேல் வண்டி போகக் கூடாது என்று ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். பாவாயம்மா நடந்துபோய் அதைப் படித்துவிட்டு வந்தார்.

"வெறும் வண்டி லேசா இருந்தாத்தான் அரிசி நெறைய ஏத்த முடியும்," என்றார். "எது லேசோ அது இங்க இருக்கட்டும். இன்னொண்ணைக் குடுத்துரலாம்."

புது லாரியைக் கொடுத்தால் நாலு பேர் போட்டி போட்டு வாங்குவார்கள். பழையதை வாங்க, பழைய இரும்புக்காக வண்டி உடைக்கிறவன்தான் வருவான். செங்கோடனுக்கு அது நன்றாகத் தெரியும். அன்று முழுக்கத் தன் வண்டியைத் துண்டு துண்டாக யாரோ ஏற்றிப் போவது கண்ணுக்குள்ளேயே நின்றது.

மறுநாள் காலையில் இரண்டு சீடர்களின் சுருதியும் மாறிவிட்டது.

"அந்தக் காலத்து வண்டி பூ மாதிரிங்கம்மா," என்றார் செங்கோடன். "தேவையில்லாத சாமான் ஒண்ணு கெடையாது."

"நேத்து வரைக்கும் கோயில் மணின்னீங்களே அண்ணே?"

"மணிக்கு உள்ள என்னடா இருக்குது? காலிதானே?"

"என் வண்டிதாம்மா லேசு. எல்லாம் பிளாஸ்டிக்கு."

"ஏசி வெச்சிருக்கறானுங்கம்மா! தொட்டி வேற!"

அரை மணி நேரம் இப்படியே போயிற்று. கடைசியில் செங்கோடன் குருவின் முன்னால் கை கட்டி நின்றார்.

"நீங்களே சொல்லிப்போடுங்கம்மா. பழசு கனமுங்களா, புதுசு கனமுங்களா?"

"எனக்கெப்படிண்ணா தெரியும்?" என்றார் பாவாயம்மா. "வாங்க, எடை போட்டுப் பாக்கலாம்."

எடை மேடை கூட்டுரோட்டில் இருந்தது. முதலில் புது லாரி ஏறியது. தீர்த்தகிரி பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, மேடையைவிட்டுத் தள்ளிப்போய் மாப்பிள்ளை தோரணையில் நின்றார். சிவப்பு எழுத்தில் எடை விழுந்தது. எடை போடுகிறவர் அதை உரக்கச் சொன்னார்.

அடுத்துப் பழையது ஏறியது. எண் ஓடிக்கொண்டே போய், புது லாரியைத் தாண்டி, நிற்க மனசில்லாமல் நின்றது. அரை டன்னுக்கு மேல் அதிகம்.

"இருங்க, இருங்க," என்று செங்கோடன் உள்ளேயிருந்தபடியே கத்தினார். "சாமான் இருக்குது. டேய் தீர்த்தகிரி, சித்த இறக்கு."

உதிரி டயர் இரண்டு இறங்கின. ஜாக்கி இறங்கியது. தார்ப்பாய், கயிற்றுச் சுருள், சங்கிலி, மண்ணெண்ணெய் ஸ்டவ், கறி ஆக்கும் இரும்புச் சட்டி. மடத்துக்கு வந்த பிறகு கறி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு ஆட்டுக்கல் வந்தது. தீர்த்தகிரி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குருவைப் பார்த்தார்.

"சட்னிக்குங்க," என்றார் செங்கோடன்.

கொண்டுவந்த சாமான்களை வைத்து மடத்துக்குப் பின்னால் இன்னொரு மடம் கட்டலாம் போலிருந்தது. எல்லாம் இறங்கியும் நாற்பது கிலோ அதிகம் காட்டியது.

எடை போடுகிறவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "டிரைவர் இறங்குங்க. அந்த வண்டிக்கு டிரைவர் கீழ நின்னாரில்ல? உங்களையும் சேத்துப் போட்டா எப்படி?"

"இறங்க முடியாதுங்க."

"ஏன்?"

"ஹேண்ட் பிரேக் நிக்காது. கால எடுத்தா வண்டி நகந்துரும்."

"கியர்ல போட்டு நிறுத்துங்க."

"அது நழுவிக்குமுங்க."

தீர்த்தகிரி ஓடிப்போய்ப் பெரிய கல் ஒன்றைத் தூக்கிவந்து சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தார். அவசரத்தில் செய்த நல்ல காரியம். எண் இன்னும் ஏறியது.

"கல்லை எடுடா பாவி! அதும் எடைல வருது!"

கல் போயிற்று. செங்கோடன் பிரேக்கை மிதித்தபடி வியர்த்து வழிந்தார். சாகப்போகிற மனிதரைப் போல ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்.

இடப்பக்கக் கதவு திறந்தது. பாவாயம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே ஏறினார்.

"நான் மிதிச்சுக்கறேன். நீங்க இறங்குங்கண்ணா."

"உங்களுக்கு எதுக்குங்கம்மா சிரமம்?"

"ஒரு சிரமமும் இல்லை."

"கால் எட்டாதுங்க."

"எட்டும்."

"சீட்டெல்லாம் எண்ணெய்ப் பிசுக்குங்கம்மா. புடவை பாழாப்போயிரும்."

"துவைச்சுக்கறேன்."

பாவாயம்மாவின் பாதம் செங்கோடனின் பாதத்துக்குப் பக்கத்தில் வந்து பிரேக்கின் மேல் பதிந்தது.

"உங்க காலை எடுங்க."

அவருக்குப் பயமாக இருந்தது. சிரிப்பாக இருந்தாலும் உண்மை அதுதான். சொந்த வீட்டைவிட்டு வந்தபோதுகூட அவருக்கு இப்படி இருந்ததில்லை. இந்த வண்டி ஓடி அவர் பார்த்ததெல்லாம் உள்ளேயிருந்துதான். அந்த இடத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பதைக் கீழே நின்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

காலை எடுத்தார். வண்டி நகரவில்லை.

அது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. ஒருக்களித்து நகர்ந்து, கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்து இறங்கி, மேடையைவிட்டு வெளியே வந்தார். செங்கோடனுக்கு நல்ல கனத்த உடம்பு. பாவாயம்மா அதில் பாதிகூட இல்லை.

எண் சரசரவென்று இறங்கிப் புது லாரிக்குக் கீழே போய் நின்றது.

"பழசுதான் லேசு," என்றார் எடை போடுகிறவர். "அந்தம்மா உள்ள இருந்தும்கூட."

தீர்த்தகிரியின் மாப்பிள்ளை தோரணை கலைந்துவிட்டது. செங்கோடன் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார். சீடர், வயதானவர் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஜெயிச்சுட்டமுங்கம்மா! எம்பட வண்டி உடைப்புக்குப் போகாது! எம்பட வண்டி லேசுங்க!"

ஓடிவந்து மேடையில் தாவி, படியில் கால் வைத்து, கதவுக் கைப்பிடியைப் பிடித்தார்.

"யோவ்!" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "எடை ஏறுது!"

பாவாயம்மா கதவைத் திறக்கவில்லை.

"இறங்குங்கண்ணா."

செங்கோடன் இறங்கினார். மேடைக்கு வெளியே போய் நின்றுகொண்டு மேலே அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப வண்டிய ஆருங்கம்மா ஓட்டறது?"

"தீர்த்தகிரி ஓட்டட்டும். ஒல்லியா இருக்கார். உங்களுக்குப் பதிலா ரெண்டு சிப்பம் அரிசி சேத்து ஏத்தலாம்."

"அவனுக்கு இந்த வண்டியோட கொணம் தெரியாதுங்களே."

"சொல்லிக் குடுங்க."

செங்கோடன் தீர்த்தகிரியைப் பார்த்தார். ஆட்டுக்கல்லைப் பார்த்தார். திரும்பவும் குருவைப் பார்த்தார்.

"அப்ப நானு?"

"நீங்க நடந்து வாங்கண்ணா," என்றார் பாவாயம்மா. "பாலம் தாங்கும்."