நாற்பத்தொன்றாம் எண்காரரின் குரல்

குரலை ஆராய்ந்து நரம்பு நோயை முன்கூட்டியே அறிய முடியுமா என்று தூத்துக்குடியில் ஓர் ஆய்வு நடந்தது. மாதம் ஒருமுறை வருகிறவர்கள் மூச்சு முட்டும்வரை ‘ஆ’ என்று இழுக்க வேண்டும். பிறகு ஒரு பத்தியை வாசிக்க வேண்டும். காதுக்கு எட்டாத நடுக்கமும் கணினிக்கு எட்டிவிடும். பதிவுகளை ஆராய்ந்தவள் செண்பகவல்லி.

முடிவு உங்களுக்குத் தெரிய வேண்டுமா என்று கையெழுத்துத் தாளில் ஒரு கேள்வி உண்டு. நாற்பத்தொன்றாம் எண்காரர் ரொசாரியோ பர்னாந்து ‘வேண்டாம்’ என்று எழுதினார்.

“எங்கப்பா கை ஆடுனத பத்து வருசம் பாத்தவன் நான். எனக்கும் வருதான்னு தெரிஞ்சு என்னத்தச் செய்ய, தாயி?”

அவரிடமும் சரி, ஆய்வுக்கு வெளியே வேறு யாரிடமும் சரி, சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தாள் செண்பகவல்லி.

மூன்றாவது பதிவில் அவர் குரல் ஏற்ற இறக்கமின்றித் தட்டையாக ஓடியது. ‘ஆ’ பாதியிலேயே உடைந்தது. கைகால் நடுங்கும் பார்க்கின்சன் நோயாக இருக்கலாம் என்றது கணினி. அவருடைய தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். தொழில்: துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநர். கன்டெய்னர் தொங்கும்போது கீழே ஆட்கள் நிற்பார்கள்.

ஆய்வுத் தலைவர் டாக்டர் கோமதிநாயகம் கையை விரித்தார். “கணினி சந்தேகந்தாம்மா படும். தொண்டை கட்டுனாலும் குரல் மாறும். வாக்குன்னா வாக்கு.”

உடன் வேலை பார்த்த இமானுவேல் கொதித்தான். “கீழ நிக்கிறவங்க எந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டாங்க?”

நான்கு நாள் தயங்கினாள். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பர்னாந்துவின் வீட்டுக்கே போனாள்.

“அண்ணே, தாள்ல ‘வேண்டாம்’னு எழுதுனீங்களே, அத மாத்திக்கிடுதீங்களா?”

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். “இதக் கேக்க நீ வீடு தேடி வந்ததுலயே தெரிஞ்சுபோச்சே.”

அப்போது அவருடைய செல்போன் ஒலித்தது. கேட்டு முடித்தவர் முகம் கறுத்தது.

“துறைமுகத்துல இருந்து. நாளைக்கு வர வேண்டாமாம். எனக்கு நரம்பு வியாதின்னு எவனோ பேர் சொல்லாம போன் பண்ணிருக்கான்.” அவளை நிமிர்ந்து பார்த்தார். “ஊருக்கெல்லாம் சொல்லிட்டுக் கடைசியிலதான் எங்கிட்ட வந்தியா?”

பேசியது இமானுவேல் என்று அவளுக்குப் புரிந்தது.

வாக்கைக் காத்துச் சும்மா இருந்தார் டாக்டர். உயிர்களைக் காக்க வாக்கை உடைத்தான் இமானுவேல். வாக்கை வாங்கியவர் முன்னாலேயே போய் நின்றாள் செண்பகவல்லி. வாசகரே, இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: செண்பகவல்லி செய்ததே சரி. அந்த வாக்கிலிருந்து அவளை விடுவிக்கக்கூடியவர் பர்னாந்து ஒருவர்தான். சந்தேகத்தைச் சோதித்து உண்மை அறியக்கூடியவரும் அவரே. டாக்டர் சொன்னது மெய்யானாலும், சந்தேகம் என்பது சும்மா இருக்கக் காரணம் ஆகாது. பர்னாந்து கேட்க மறுத்துக் கிரேன் ஏறியிருந்தால் இமானுவேலின் போன் நியாயம். முதலிலேயே செய்ததுதான் பிழை. அவளிடமும் குற்றம் உண்டு: அவள் தயங்கிய நான்கு நாளும் அவர் கிரேன் ஏறினார். பின்னர் பரிசோதனையில் நோய் உறுதியானது. “எங்கிட்ட மொதல்ல சொல்லியிருந்தா நானே எறங்கியிருப்பேனே” என்றார் பர்னாந்து. இறங்கியிருப்பாரா என்பது இனி யாருக்கும் தெரியாது.