பல் முளைக்காத சிரிப்பு

அந்தக் காலத்தில் மனிதர்களுக்குச் சிரிக்கத் தெரியாது. அழத் தெரியும், முறைக்கத் தெரியும், புருவத்தை ஏற்றி மிரட்டவும் தெரியும். குரங்குகளும் மனிதர்களும் ஒரே மலையில் இருந்து, ஒரே அத்திமரத்துப் பழத்தைத் தின்று, ஒரே மாதிரி முகம் காட்டிக்கொண்டிருந்தார்கள். வாய்ப்பேச்சும் உண்டுதான். ஆனால் முகம் சொன்னதே முடிவு. உதட்டைச் சப்பினால் ‘வா, நாம் சொந்தம்’ என்று அர்த்தம். பல்லைக் காட்டினால் ‘பயந்துவிட்டேன், அடிக்காதே’ என்று அர்த்தம். பல்லைக் காட்டியவர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து போய்விட வேண்டும். மலையில் இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

அந்தச் சட்டத்தால் அதிகம் அலைந்தவள் வேம்பி என்ற மனுஷி. சருகு அசைந்தால் பல், இடி இடித்தால் பல். நிழலை விட்டாள், சுனையோரத்தை விட்டாள், பழுத்த கிளையையெல்லாம் விட்டாள். அதற்காக அவள் பெரிதாகக் கவலைப்பட்டதும் இல்லை, மடியில் ஒரு பிள்ளை வரும்வரை.

பிள்ளை பிறந்ததும் அத்திமரத்தடியில் இருந்த பாறைக் குகையில் ஒதுங்கினாள். தேனெடுக்கப் போன புருஷன் ஆற்றில் வெள்ளம் வந்து அக்கரையில் மாட்டிக்கொண்டான். மழையோ விட்டபாடில்லை. மலையில் நனையாத இடம் அந்தக் குகை மட்டும்தான். போன மழையில் நனைந்து விறைத்துத்தான் மேல்கிளை மந்தி செம்மூக்கியின் குட்டி செத்துப்போனது. வேம்பி அதைக் கண்ணால் பார்த்திருந்தாள்.

செம்மூக்கி அடிக்கடி அத்திப்பழத்தோடு எட்டிப் பார்ப்பாள். ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஏண்டி, பால் குடுக்கும்போது எதுக்கு மூஞ்சிக்கு முன்னால தேக்கிலையைப் பிடிச்சிருக்கே?”

“பிள்ளை என்னைப் பாக்கக் கூடாதுக்கா.”

“பெத்தவ மூஞ்சியைப் பாக்காம வேற எதைப் பாக்கும்? பாறையையா?”

“என் மூஞ்சியில பயத்தைத் தவிர என்ன இருக்கு? பாத்தா இதுவும் கத்துக்கும். என்னை மாதிரியே ஒவ்வொரு இடமா எழுந்து போகும். வேண்டாம்க்கா.”

செம்மூக்கி பிள்ளையைப் பார்த்து உதட்டைச் சப்பினாள். அது அசையாத முகத்தோடு அவளைப் பார்த்தது.

“காத்துப்படாத சுனை மாதிரி இருக்குடி இது மூஞ்சி” என்று முனகிக்கொண்டே மரமேறினாள்.

மறுநாள் காலையில், குடம் கவிழ்த்தது போல மழை. குகை வாசல் திடீரென்று இருண்டது. பெரிய கடுவன் குரங்கு நின்றுகொண்டிருந்தான், கூட்டத்துக்கே தலைவன். முதுகு மயிரெல்லாம் நீர் சொட்டியது. உள்ளே பார்த்தான், புருவத்தை ஏற்றினான். அவன் வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

வேம்பி உதட்டை இறுகக் கடித்துக்கொண்டாள். தாடை நடுங்கியது. உதடு தானாக விலகப் போகிறது என்று தெரிந்துவிட்டது. கடுவன் பார்த்தால் குகை போச்சு, பிள்ளை போச்சு. சட்டென்று மறுபக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் இருந்தது அவள் பிள்ளை. இலை எப்போதோ கைநழுவி விழுந்திருந்தது.

பிள்ளை முதன்முறையாகத் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

பார்த்தது பயந்த முகம். ஆனால் அதுதான் பயம் என்று பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லையே! இவ்வளவு நாளாக வாசனையாகவும் சூடாகவும் மட்டும் இருந்தவள் முகமாக வந்து நிற்கிறாள். இவ்வளவு வெள்ளையாக, இவ்வளவு அகலமாக ஏதோ காட்டுகிறாள். பிள்ளைக்குக் கொள்ளை சந்தோஷம். தானும் வாயைத் திறந்து, பொக்கை ஈறு தெரிய, கண் சுருங்க, அதையே அவளுக்குத் திருப்பிக் காட்டியது.

வேம்பி பிள்ளையிடம் குனிந்தாள். “என்னடா இது?” என்றாள். பிள்ளை இன்னும் அகலமாகக் காட்டியது. அவளுடைய நடுக்கம் எங்கே போயிற்றோ. கண் தானாகச் சுருங்கியது. அந்த முகத்தோடேயே கடுவன் பக்கம் திரும்பினாள்.

“பல்லைக் காட்டிட்டே” என்றான் கடுவன். “எந்திரி.”

“மாட்டேன்.”

பல்லைக் காட்டிய எவரும் அந்த மலையில் அப்படிச் சொன்னதில்லை. கடுவன் குழம்பினான். மேல்கிளையிலிருந்து செம்மூக்கி தலைகீழாகத் தொங்கி எட்டிப் பார்த்தாள்.

“கண்ணைப் பாருங்கண்ணே. அதுல எங்க இருக்கு பயம்?”

“பல்லு தெரியுதில்ல?”

“பிள்ளையும்தான் வாயைத் திறந்திருக்கு. அதையும் எந்திரிக்கச் சொல்லுங்க, பாப்போம்.”

கடுவன் குனிந்து பிள்ளையின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்தான். பிள்ளை அவனுடைய தாடிமயிரைப் பிடித்து இழுத்து, வேம்பிக்குக் காட்டியதையே அவனுக்கும் காட்டியது.

“இதுக்குப் பல்லே இல்லையே!” என்றான். சொல்லும்போதே, தன்னை மறந்து உதட்டைச் சப்பிவிட்டான். கூட்டத்துத் தலைவன், ஒரு பொக்கைவாய்க்கு! செம்மூக்கி பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் தாடியை விடுவித்துக்கொண்டு, “இந்த மனுசங்க மூஞ்சியை இனிமே நம்பவே முடியாது” என்று முணுமுணுத்தபடி கொட்டுகிற மழையில் மரமேறிப் போனான்.

வேம்பி தேக்கிலையை எடுத்து, வாசலில் ஓடிய மழைவெள்ளத்தில் விட்டாள். பிள்ளையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள். செம்மூக்கி இறங்கி வந்து பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். குகையில் இடம் இருந்தது.

அன்று முதல்தான் பல் முளைக்கும் முன்பே பிள்ளைகள் சிரிக்கின்றன. நாம் பல் தெரியச் சிரித்தால் மலைக் குரங்குகள் இன்றும் குழம்பிப்போய்ப் புருவத்தை ஏற்றுகின்றன. அம்மாக்களின் சிரிப்பிலோ ஓரமாக அந்தப் பழைய பயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகளுக்கு மட்டும் இதுவரை அது கண்ணில் பட்டதேயில்லை.