அண்ணன் எந்த பார்ட்ல இருக்கான்?

குருன்னதும் தாடியத் தேடுவீங்களே? தேடாதீங்க. இந்தக் குருவுக்குத் தாடி கெடையாது. முழுக்கைச் சட்டை, தலையில முக்காடு, நகத்துக்குள்ள கிரீசு.

ஆசிரமம் எங்கன்னு கேப்பீங்க. உக்கடத்துல ஒரு தகர ஷெட்டு.

பேய் வரும்னு காலைத் தூக்கி மேல வெச்சிருக்கறவங்க கீழ விட்டுக்கலாம். நடக்கறதெல்லாம் பட்டப்பகல்ல. கடைசியில நீதி சொல்லுவாங்கன்னு வாயப் பொளந்துட்டு இருக்கறவங்க மூடிக்குங்க. ஈ பூந்துரும்.

சரி. கேள்வி வருது.

"அம்மணி, ஒரு ஆளு கார்ல எந்த எடத்துல இருப்பான்?"

கேட்டவரு சென்னியப்பன். அம்பத்தோரு வயசு. கிரைண்டர் கம்பெனியில கல்லு கொத்தற வேலை.

கேள்வி போனது ஃபௌசியாகிட்ட. முப்பத்தி நாலு வயசு. பழைய சின்னக் காரைக் குடுத்தா, பெத்தவனுக்கே அடையாளம் தெரியாத மாதிரி மாத்திக் குடுக்கும். ஊருக்குள்ள வாத்தியாரம்மான்னுதான் பேரு.

"டிரைவர் சீட்டுல இருப்பாருங்ணா."

"செத்த ஆளு?"

ஃபௌசியா ஸ்பேனரைக் கீழ வெச்சுது.

"எங்கண்ணன் நாச்சிமுத்து. போன ஆடியில போயிட்டானுங்க. ரெண்டு வயசுதான் மூத்தவன். நாங்க ரெண்டு பேரும் சேந்து வாங்குன வண்டிங்க இது."

வண்டி வெளிய நின்னுச்சு. வெள்ளை எண்ணூறு சிசி காரு. தீப்பெட்டிக்குச் சக்கரம் மாட்டுன மாதிரி.

"அண்ணனுக்கு ஓட்டத் தெரியாதுங்க. கடைசி வரைக்கும் கத்துக்கவே இல்ல. பின்னாடி நின்னு ரிவர்ஸ் சொல்றதுதான் அவன் வேலை. இருவது வருசமா."

"எப்புடிச் சொல்லுவாரு?"

"எனக்கு அவன மாதிரி வராதுங்க. வெத்தலைக் கொரலு. நீங்களே கேட்டுக்கலாம்."

"யாரை?"

"அவனைத்தானுங்க. ரிவர்ஸ் கியர் போட்டா இப்பவும் சொல்றான்."

ஷெட்டுக்குள்ள மெசின் சத்தம் நின்னுச்சு. அங்க வேலை செஞ்சிட்டிருந்த பிட்டருங்க ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தாங்க. சீட் கவர் மாத்த வந்து பெஞ்சில உக்காந்திருந்த ருக்மணியம்மா, விசிறிட்டிருந்த பேப்பரை மடியில போட்டாங்க.

"பயமா இருக்குதுங்களாணா?"

"அவன் இருக்கறதுல என்னங்க பயம்? போயிருவானோன்னுதான் பயம்."

விசயம் இதுதான். வண்டியோட தரை துருப்பிடிச்சு இத்துப் போச்சு. பிரேக்கை அமுத்துனா காலு ரோட்டைப் போய்த் தொடுது. மாத்தலைன்னா வண்டி தீபாவளியத் தாண்டாது. மாத்தறதுன்னு ஆச்சுன்னா முழுசா மாத்தோணும். ஏன்னா நாச்சிமுத்து ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னாடி லிஸ்ட்டு எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு. அலாய் வீலு. டிக்கி மேல ரெக்கை. பக்கெட் சீட்டு. பச்சைக் கலரு. பச்சைக்கு அடியில ரெண்டு கோடு.

"அத்தனையும் பண்ணீருங்க அம்மணி. ஆனா அவன் எந்த பார்ட்ல இருக்கான்னு கண்டுபுடிங்க. அதை மட்டும் தொடாதீங்க."

"வேற கடையில காமிச்சீங்களா?"

"ஒருத்தன் எலுமிச்சம்பழம் கட்டுன்னான். இன்னொருத்தன் ரிவர்ஸ் கேமரா மாட்டி உட்டான்."

"கேமராவுல தெரிஞ்சாருங்களா?"

"செவுருதான் தெரிஞ்சுது."

ஃபௌசியா சிரிக்கல.

"ரிவர்ஸ் எடுங்க. கேக்கலாம்."

சென்னியப்பன் ஏறி உக்காந்தாரு. கிளட்சை மிதிச்சாரு. கியரைத் தள்ளுனாரு. கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடியப் பாத்தாரு. வண்டி மெல்ல நகந்துச்சு.

"வரலாம்… வரலாம்… ஒடி, ஒடி, ஒடி… நேரா… வரலாம்…"

வெத்தலைய ஒதுக்கி வெச்சுட்டுப் பேசற கட்டைக் கொரலு. வண்டிக்குப் பின்னாடி ஒரு காக்கா கூட இல்ல.

"ஓல்டேன்! செவுருடா சென்னி!"

டப், டப். ரெண்டு தட்டு.

ஒரு பிட்டர் கையில இருந்த திருப்புளி கீழ விழுந்துச்சு.

சென்னியப்பன் எறங்கி வந்தாரு. மூஞ்சி பூராப் பூரிப்பு.

"கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சுங்ணா."

ஃபௌசியா வண்டியப் பாக்கல. அவரைப் பாத்துச்சு. எல்லாருமே அவரைத்தான் பாத்தாங்க. அண்ணன் செத்ததுக்குப் பரிதாபப்படறாங்கன்னு அவரு நெனைச்சுக்கிட்டாரு.

"ஏனுங், அது வந்து…"ன்னு ருக்மணியம்மா ஆரம்பிச்சாங்க.

"அம்மா, சீட் கவர் காப்பிக் கலரா, சாம்பலா?"

ருக்மணியம்மா வாய் பாதியில நின்னுச்சு.

"காப்பி."

"காப்பி இன்னிக்கு ஸ்டாக் இல்லீங்க. நாளைக்கு வாங்க."

ஃபௌசியா அவரு பக்கம் திரும்புச்சு.

"ஒண்ணொண்ணாக் கழட்டலாம்ணா. ஒவ்வொண்ணு கழட்டுனதும் கேப்போம். எதைக் கழட்டுனா கொரலு நிக்குதோ, அவரு அதுல இருந்தாருன்னு அர்த்தம்."

"நின்னு போச்சுன்னா? திரும்ப மாட்டுனா வருவானுங்களா?"

ஃபௌசியா பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கையில எடுத்துச்சு.

மொதல்ல டிக்கிக் கதவு.

சென்னியப்பன் மூச்சைப் புடிச்சிட்டு கியரைத் தள்ளுனாரு.

"வரலாம்… வரலாம்… ஓல்டேன்! செவுருடா சென்னி!"

டப், டப்.

தட்டறதுக்கு அங்க கதவே இல்ல. பிட்டருங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

"டிக்கியில இல்லீங்க," ன்னாரு சென்னியப்பன். சட்டை நனைஞ்சிருச்சு.

ஸ்பீக்கரு போச்சு. கொரலு போகல. பின் சீட்டு போச்சு. கண்ணாடி நாலும் போச்சு. மேல ஒட்டுன துணியக் கிழிச்சு எறிஞ்சாங்க. ஒவ்வொரு நட்டுக்கும் அவருக்கு உசுரு தொண்டைக்கு வந்து வந்து போச்சு. ஒவ்வொரு தடவையும் கொரலு வந்துச்சு.

வண்டி எளைக்க எளைக்க, கொரலு கணீர்னு ஆச்சு.

ரெண்டாம் நாளு எஞ்சினைத் தூக்கி எறக்குனாங்க. சென்னியப்பன் உள்ள உக்காந்து கியரைப் போட, பிட்டருங்க முன்னாடி நின்னு தள்ளுனாங்க. வண்டி சத்தமே இல்லாமப் பின்னால உருண்டுச்சு.

"வரலாம்… வரலாம்…"

எஞ்சின் இரைச்சல் இல்லாததால, இப்ப நடுவுல மூச்சு வாங்கறது கூடக் கேட்டுச்சு. தள்ளுன பிட்டர் ஒருத்தன் கையை எடுத்துட்டு வெளிய போயிட்டான்.

"எஞ்சின்லயும் இல்ல," ன்னாரு சென்னியப்பன். "கெட்டிக்காரன். எங்க ஒளிஞ்சிருக்கான் பாருங்க."

ஃபௌசியா வண்டியோட முதுகைத் தடவுச்சு.

"இந்த வண்டிக்கு ஒரு கொணம் உண்டுங்ணா. பெரிய வண்டின்னா ஒரு பல்பு மாத்தவும் கம்ப்யூட்டர்கிட்ட உத்தரவு கேக்கோணும். இது அப்புடி இல்ல. எதைக் கழட்டுனாலும் கோவிச்சுக்காது. எதை மாட்டுனாலும் ஏத்துக்கும். அதனாலதான் கைக்காசு கம்மியா இருக்கறவன் பூரா இதையே புடிச்சு ஆட்டம் போடறான்."

"ஆமாங்க."

"நீங்க எதை மாட்டுனீங்கணா?"

"நான் ஒண்ணும் மாட்டலீங்களே."

"சரி."

மூணாம் நாளு. வெறும் கூடு. தகரப் பொட்டி ஒண்ணு, அதுல ஒரு சீட்டு, ஒரு கியர் ராடு. கீழ தரை சல்லடை. சென்னியப்பன் அதுலயும் ஏறி உக்காந்தாரு. கொரலு வந்துச்சு.

எறங்குனவரு ஃபௌசியா காலடியில உக்காந்துட்டாரு.

"அம்மணி, தெரிஞ்சு போச்சு. அவன் இந்தக் கூட்டுலதான் இருக்கான். மிச்சமிருக்கறதே இதுதானுங்களே. இதைத் தொட வேண்டாம். பச்சையும் வேண்டாம், ரெக்கையும் வேண்டாம். இருந்ததையே திரும்ப மாட்டிக் குடுத்துருங்க. எத்தனை நாளு ஓடுதோ ஓடட்டும்."

"ஒரு டீ குடிச்சுட்டு வாங்கணா."

குடிச்சுட்டு வந்தாரு.

கூட்டைக் காணோம்.

சிமெண்டுத் தரையில சாக்பீஸ் கோடு. கார் நின்ன அளவுக்கு ஒரு நீளக் கட்டம். டிரைவர் சீட் இருந்த எடத்துல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலு. பக்கத்துல மண்ணு ரொப்புன பெயிண்ட் டப்பா. அதுல சொருகி நின்னுச்சு கியர் ராடு.

"எங்கீங்க?"

"டிங்கர் பட்டறைக்குப் போயிருச்சு. தரையை வெட்டறதுக்கு."

"வெட்டியாச்சுங்களா?"

"இந்நேரம் வெட்டியிருப்பாங்க."

சென்னியப்பன் கத்தல. கத்தறதுக்குத்தான் வாயத் தொறந்தாரு, காத்துதான் வந்துச்சு. அப்பறம் மெதுவாச் சொன்னாரு.

"ஒரு தடவை செத்தான், தூக்கிட்டுப் போனோம். இப்ப நீங்க ரெண்டாவது தடவை கொன்னுட்டீங்க."

"உக்காருங்ணா."

"எங்க உக்காரச் சொல்றீங்க? காரு எங்க?"

"கோட்டுக்குள்ள வாங்க."

சீட் கவரு ஆச்சான்னு கேக்க வந்த ருக்மணியம்மா வாசல்லயே நின்னுட்டாங்க. மூணாவது நாளா அலையறாங்க. திட்டறதுக்குத் தயாரா வந்தவங்க, சாக்பீஸ் கோட்டைப் பாத்ததும் செருப்பைக் கழட்டிட்டாங்க. எதுக்குன்னு அவங்களுக்கே தெரியல.

சென்னியப்பன் கோட்டைத் தாண்டல. கதவு இருந்த பக்கமாச் சுத்திப் போயி, குனிஞ்சு, தலை இடிக்காம உள்ள பூந்து, ஸ்டூல்ல உக்காந்தாரு.

கரண்டு போச்சு.

கம்ப்ரசர் இழுத்து இழுத்து அடங்குச்சு. ஷெட்டுல சத்தமே இல்ல. உச்சி வெயில்ல மேல தகரம் மட்டும் டிக், டிக்னு விரிஞ்சுது.

"ரிவர்ஸ் போடுங்ணா."

எடது காலு வெறும் சிமெண்டை மிதிச்சுது. கையி ராடைத் தள்ளுச்சு. கழுத்துத் திரும்புச்சு. பின்கண்ணாடி இருந்த எடத்துல காத்து. அதுக்கு அந்தாண்ட செவுரு.

ஒண்ணும் கேக்கல.

சென்னியப்பனுக்குக் கண்ணு ரொம்பிருச்சு. அவ்வளவுதான், போயிட்டான். இருவது வருசம் பின்னாடி நின்னவன்…

"வரலாம்…"

பிட்டர் ஒருத்தன் சாமி பேரைச் சொன்னான்.

"வரலாம்… வரலாம்… ஒடி, ஒடி, ஒடி… நேரா… வரலாம்… ஓல்டேன்! செவுருடா சென்னி!"

டப், டப்.

சென்னியப்பன் ஸ்டூல்ல இருந்து துள்ளி எந்திரிச்சாரு. அழுதுட்டே சிரிச்சாரு.

"இருக்கான்! அம்மணி, இருக்கான்! வண்டியிலயே இல்லீங்க அவன்! எங்கூடயே நிக்கறான், எம் முதுகுக்குப் பின்னாடி! வெட்டிக்கட்டும், என்ன வேணாலும் வெட்டிக்கட்டும்! பச்சையே அடிங்க! நீங்கதானுங்க குரு! கேட்டீங்கல்ல? எல்லாருந்தான கேட்டீங்க?"

பிட்டருங்க தரையப் பாத்தாங்க.

"ஏன் யாருமே பேச மாட்டீங்கறீங்க? ஏனுங்க ருக்மணியம்மா, நீங்க கேட்டீங்கல்ல?"

ருக்மணியம்மா ஃபௌசியாவைப் பாத்தாங்க. இந்தத் தடவை ஃபௌசியா கலர் கேக்கல.

"கேட்டனுங்க, மூணு நாளாக் கேக்கறனுங்க," ன்னாங்க. "பின்னாடி யாருமில்லீங்க. பேசறது உங்க வாயி. தட்டறது உங்க கையிங்க."